இருபத்து நான்கு டிகிரி

எனக்கு ஜோசியம் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் என் வேலை என்னவென்று கேட்கிற பத்துப் பேரில் ஏழு பேர் உடனே உள்ளங்கையை நீட்டுகிறார்கள். நான் வானாய்வு நிலையத்தில் மெக்கானிக். பெரிய தொலைநோக்கிக்கு மேலே உருண்டையாக ஒரு கூரை இருக்கிறது. தொலைநோக்கி எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம் கூரையும் சுற்ற வேண்டும். சுற்றாமல் மக்கர் பண்ணினால் என்னைக் கூப்பிடுவார்கள். மோட்டார், பல்சக்கரம், கிரீஸ், அவ்வளவுதான் என் வானம். சொந்தக்காரர்களிடம் இதைச் சொன்னால் யார் காதில் ஏறுகிறது? "நட்சத்திர ஆபீஸ்ல இருக்கே, எங்களுக்கு நேரம் எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்று முறைத்துக்கொள்கிறார்கள். மிச்சம் மூன்று பேர் நாளைக்கு மழை வருமா என்று கேட்கிறார்கள். வானியல், வானிலை என்று பெயரை வைத்துவிட்டு அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? எங்கள் நிலையத்தின் தலைவி ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கியவர். கதவில் 'டாக்டர்' என்று போட்டிருப்பதைப் பார்த்து ஒரு பெரியவர் முழங்கால் வலிக்கு மருந்து கேட்டு அரை மணி நேரம் காத்திருந்தார்.

இத்தனை குழப்பமும் போதாதென்று என் அக்கா ஜோசியர் ஒருவரிடம் வேலை பார்க்கிறாள். வீட்டில் விசேஷம் எதுவானாலும், "அக்காவும் தம்பியும் ஒரே லைனாச்சே" என்று யாராவது சொல்லாமல் இருக்க மாட்டார்கள். நான் எகிறுவேன். அக்கா சிரிப்பாள்.

அக்கா செய்வது ஜோசியமும் இல்லை. கட்டம் போடுவது. ஜோசியரின் அலுவலகம் ஒரு தையல் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில். படியேறி வருகிற யாரும் முதலில் அக்காவின் மேஜைக்குத்தான் வர வேண்டும். பழைய ஜாதகம் கையில் வைத்திருப்பவர்கள் நேராக உள்ளே போய்விடலாம். இல்லாதவர்களிடம் அக்கா மூன்றே கேள்வி கேட்பாள். பிறந்த தேதி என்ன, நேரம் என்ன, ஊர் எது. அந்த நேரத்தில் சூரியன் எங்கே இருந்தது, சந்திரன் எங்கே இருந்தது, மற்ற கிரகங்கள் எங்கே இருந்தன என்று கணக்குப் போட்டு, பன்னிரண்டு கட்டத்தில் நிரப்பி, ஒரு தாளில் அழகாக எழுதி உள்ளே அனுப்புவாள். அந்தத் தாளை வைத்துக்கொண்டு பலன் சொல்வது ஜோசியர் பாடு. வந்தவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். மாப்பிள்ளை குடிக்கிறார், வேலை போய்விட்டது என்று அக்காவிடமே கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆரம்பிப்பார்கள். "அதெல்லாம் உள்ள சொல்லுங்க. எனக்கு நேரம் மட்டும் போதும்" என்பாள். கல்நெஞ்சக்காரி இல்லை. கவனம் சிதறினால் கணக்குத் தப்பிவிடும் என்ற பயம்.

நேரம் என்றால் அவளுக்கு உயிர். நாலு நிமிஷம் தள்ளினால் வானம் ஒரு டிகிரி நகர்ந்துவிடுமாம். "காலையில பால்காரர் வர்ற நேரம்" என்று ஒருவர் சொன்னதற்கு, "எந்தப் பால்காரர், எத்தனாவது தெரு?" என்று கேட்டவள். நேரம் தெரியாது என்று சொன்னவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவாள். ஜோசியர் பரவாயில்லை என்றாலும் இவள் விடமாட்டாள். அந்தத் தெருவில் அவளுக்குக் கட்டக்காரம்மா என்று பெயர். இருபத்திரண்டு வருஷம் இந்த வேலை. பாதிக்கு மேல் கையால் போட்டது. கிரக நிலைப் புத்தகம் ஒன்று தலையணை மாதிரி வைத்திருந்தாள். அதன் ஓரங்கள் அவள் விரல் பட்டுப் பட்டுக் கறுத்துப் போயிருந்தன.

அக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அப்பா படுக்கையில் கிடந்த ஆறு வருஷமும் அவள்தான் பார்த்துக்கொண்டாள். அதற்குப் பிறகு யாரும் பெண் கேட்டு வரவில்லை, நாங்களும் தேடவில்லை. நான் கல்யாணம் செய்துகொண்டேன், பிள்ளை பெற்றேன். அக்கா எங்களோடேயே இருந்துவிட்டாள். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. எழுதாமல் விட்டால் இன்னும் வெட்கம்.

அவளுக்கு நாற்பத்தேழு வயது நடக்கும்போது கண்ணாடிக்கடைக்காரர் கேட்டார். ஜோசியர் அலுவலகத்துக்கு இரண்டு தெரு தள்ளி மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். மனைவி இறந்து ஐந்து வருஷம். பிள்ளை இல்லை. அதிகம் பேசாதவர். மூன்று வருஷமாக அக்காவின் கண்ணாடிக்கு அவர்தான் வைத்தியர். பொடிப்பொடியான எண்களைப் பார்க்கிற கண் என்பதால் அடிக்கடி பவர் பார்க்க வேண்டியிருந்தது, சரி. ஆனால் கண்ணாடிக் காலின் திருகு மாசத்துக்கு மூன்று தடவை கழன்றுகொள்ளுமா? நானும் மெக்கானிக்தான். எந்தத் திருகு தானாகக் கழலும், எதைக் கழற்றினால் கழலும் என்று எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை.

ஒரு நாள் அந்தத் திருகை முடுக்கிக்கொண்டே அவர், "நாம ரெண்டு பேரும் மிச்ச காலத்தைச் சேர்ந்து ஓட்டலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

அதற்கு என் அக்கா சொன்ன பதிலைக் கேளுங்கள். "பிறந்த தேதி, நேரம், ஊர் சொல்லுங்க."

சாயங்காலம் வீட்டுக்கு வந்து அவளே சொன்னாள். நானும் என் மனைவியும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவளுக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் முகம் சிவந்திருந்தது. அப்படி ஒரு நிறத்தில் அவளை நான் பார்த்ததே இல்லை. கையில் ஒரு சீட்டு வைத்திருந்தாள். அதில் தேதிக்குப் பக்கத்தில் 'காலை 10 மணி 10 நிமிடம்' என்று எழுதியிருந்தது.

இந்த இடத்தில்தான் நான் வருகிறேன். அதற்கு முந்தின வாரம் ஜோசியரின் பழைய கம்ப்யூட்டர் உயிரை விட்டிருந்தது. புதுசு வாங்கினார்கள். கட்டம் போடுகிற புரோகிராமை ஏற்றித் தர வேண்டும் என்று அக்கா என்னைக் கூப்பிட்டாள். போனேன். 'அடுத்து', 'அடுத்து', 'சரி' என்று தட்டிக்கொண்டே வந்தேன். ஒரு இடத்தில் கிரகங்களை எதிலிருந்து அளக்க வேண்டும் என்று கேட்டது. நட்சத்திரங்களிலிருந்தா, வசந்தப் புள்ளியிலிருந்தா? அக்கா அப்போது கீழே டீ சொல்லப் போயிருந்தாள். வசந்தப் புள்ளி என்ற வார்த்தை எனக்குப் பழக்கம். டாக்டரின் அறையில் பெரிய வரைபடம் ஒன்று மாட்டியிருக்கிறது. பகலும் இரவும் சமமாக இருக்கிற மார்ச் மாதத்து நாளில் சூரியன் நிற்கிற இடம் அது, எங்கள் ஆபீசில் எல்லாவற்றையும் அங்கிருந்துதான் அளப்பார்கள். உலகமே ஒத்துக்கொண்ட அளவு, அதையே போடுவோம் என்று பெருமையாக ஒரு தட்டுத் தட்டினேன். மேதாவித்தனம். வேறென்ன சொல்ல?

அக்காவின் ஜாதகம் அவள் கையால் என்றைக்கோ போட்டு வைத்தது. கண்ணாடிக்கடைக்காரருடையதைப் புதுக் கம்ப்யூட்டரில் போட்டாள். இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு, முதல் தடவையாக, வாடிக்கையாளர் உட்காருகிற நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். ஜோசியர் வெகுநேரம் பார்த்தாராம். பார்த்துவிட்டு, "வேண்டாம்மா. சேர்ந்தா நிலைக்காது. ரெண்டு வருஷம் தாங்கினா அதிகம்" என்றாராம்.

அக்கா மறுநாள் கடைக்குப் போய், "ஒத்துவரல" என்றாள். அவர், "சரி" என்றார். ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்தவள் எங்களிடமும் அதையே சொன்னாள். பஸ் வரவில்லை என்று சொல்கிற மாதிரி, "ஒத்துவரலடா." எனக்கு ஜோசியர் மேல்தான் சந்தேகம். கட்டக்காரம்மா கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டால் அவருக்கு ஆள் யார்? மறுநாள் அந்த மனிதரைத் தெருவில் பார்த்தேன். ரொம்ப வருத்தமாக, "உன் அக்காவுக்கு நல்லது நடக்கணும்னுதான் எனக்கும் ஆசை" என்றார். பொய் சொல்கிற முகமாகவும் தெரியவில்லை. குழம்பிப்போய் வேலைக்குப் போனேன்.

ஐந்து வாரம் கழித்து ஒரு அம்மாள் அக்காவின் மேஜைக்கு வந்து தாளை வீசினார். வீடு மாற்றும்போது பழைய ஜாதகம் தொலைந்துபோய்ப் புதிதாகப் போட்டு வாங்கிப் போனவர். "நான் பிறந்ததிலிருந்து கன்னி ராசி. என்னைத் துலாம்னு போட்டிருக்கீங்க. இந்த வயசுல என்னால ராசி மாற முடியாது" என்று ஒரே சத்தம். அக்காவுக்குத் தப்பு என்ற வார்த்தையே ஆகாது. புத்தகத்தை எடுத்து அங்கேயே கையால் கணக்குப் போட்டாள். அந்த அம்மாள் சொன்னது சரி. கம்ப்யூட்டர் போட்டிருந்ததற்கும் இவள் போட்டதற்கும் இருபத்து நான்கு டிகிரி வித்தியாசம். வேறு இரண்டு பேருடையதை எடுத்துப் பார்த்தாள். அவற்றிலும் அதே இருபத்து நான்கு. அப்புறம் கம்ப்யூட்டரைத் திறந்து நான் தட்டின தட்டைக் கண்டுபிடித்துவிட்டாள்.

அன்றைக்கு வீட்டுக்குள் நுழைந்தவள் நேராக என் முன்னால் வந்து நின்றாள். "ஏன்டா, உன் ஆபீஸ் வானத்தைக் கொண்டு வந்து என் ஆபீஸ்ல மாட்டினே?" என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பேன்.

புதுக் கம்ப்யூட்டர் வந்ததிலிருந்து அறுபத்து மூன்று பேருக்கு அப்படிப் போட்டுக் கொடுத்திருந்தாள். அத்தனை பேரையும் கூப்பிட்டுத் திருத்திக் கொடுக்க வேண்டும் என்று ஜோசியரிடம் போய் நின்றிருக்கிறாள். அவர் கேட்டது இதுதான். "அறுபத்து மூணு பேர்ல பலன் தப்புன்னு யாராவது வந்தாங்களா?"

"ராசி தப்புன்னு ஒருத்தங்க வந்தாங்க."

"பலன் தப்புன்னு?"

யாரும் வரவில்லை. நேற்றுக்கூட ஒருவர் வந்து, நீங்கள் சொன்னது அப்படியே நடந்தது என்று ஜோசியரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டுப் போனார். அவருடையதும் இருபத்து நான்கு டிகிரி தள்ளிப் போட்டதுதான்.

"அப்ப நான் இருபத்திரண்டு வருஷமா நாலு நிமிஷம், நாலு நிமிஷம்னு உயிரை விட்டது எதுக்கு சார்?" என்று அக்கா கேட்டாளாம்.

ஜோசியர் மழுப்பவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். "கட்டம் இல்லாம நான் வாயைத் திறந்தா எவனாவது கேட்பானாம்மா? எனக்கே வார்த்தை வராது. கட்டத்தைப் பார்த்துக்கிட்டே ஆளையும் பார்க்கிறேன். எது எனக்குச் சொல்லுதுன்னு எனக்கே தெரியாது" என்றாராம்.

"என்னோடதைப் பார்த்து நிலைக்காதுன்னு சொன்னீங்களே. அது?"

"நீ அன்னைக்கு நடுங்கிக்கிட்டு உட்கார்ந்திருந்தே. அதைப் பார்த்துச் சொன்னேனா, தாளைப் பார்த்துச் சொன்னேனா, இப்ப ஞாபகம் வரல. அவரோடதைச் சரியாப் போட்டு எடுத்துட்டு வா. மறுபடி பார்க்கிறேன்."

இதையெல்லாம் எங்கள் சமையலறையில் நின்றுகொண்டு சொன்னாள். அடுப்பில் தண்ணீர் கொதித்து வற்றிக்கொண்டிருந்தது. "சரியாப் போட்டுடேன், அஞ்சு நிமிஷ வேலைதானே" என்றேன். என் தப்பை எப்படியாவது துடைத்துவிட வேண்டும் என்ற அவசரம் எனக்கு. அவள், "முதல்ல எது சரின்னு எனக்குத் தெரியணும். உங்க டாக்டரைக் கேட்கணும்" என்றாள்.

மறுநாள் சாயங்காலம் அழைத்துப் போனேன். டாக்டர் வேலைக்கு வந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். ஜோசியர் ஆபீஸ் என்றதும் சிரிப்பார், இவளை அவமானப்படுத்திவிடுவார் என்று எனக்குள் உதறல். அவர் சிரிக்கவில்லை. அக்கா கொண்டுவந்திருந்த நோட்டை வாங்கிப் பார்த்தார். ஏதோ ஒரு தேதிக்கு வியாழன் எங்கே இருந்தது என்று அவள் கையால் போட்டிருந்த கணக்கு. தன் கம்ப்யூட்டரில் அதே தேதியைத் தட்டினார். அக்காவின் கணக்கில் குறைந்த அந்த இருபத்து நான்கைத் திரும்பச் சேர்த்துப் பார்த்தார். ஒரு டிகிரியை அறுபது பங்காக்கினால் அதில் இரண்டு பங்குதான் வித்தியாசம்.

"கையாலேயா போட்டீங்க?" என்று கேட்டார். "இது எங்க வேலைம்மா. நீங்க செய்யறது வானியல்தான்."

அக்காவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. உடனே சுருங்கியும் விட்டது. "அப்ப எங்க சார் செய்யறது?"

"நீங்க போட்டுக் கொடுக்கிற வரைக்கும் நானும் கூட வருவேன். எது எங்கே இருக்கு, எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம், எதால ஆனது, அதெல்லாம் எங்க வேலை. தப்பாச் சொன்னா இன்னொருத்தர் அளந்து பார்த்து என்னைப் பிடிச்சிடலாம். அது அங்கே இருக்கிறதால இந்த மனுஷனுக்குக் கல்யாணம் நடக்கும், வேலை போகும்னு சொல்றது உங்க சாரோட வேலை. அந்த இடத்துல நான் இறங்கிக்குவேன். ஒரு காலத்துல ரெண்டையும் ஒரே ஆள்தான் பார்த்துக்கிட்டிருந்தாங்க. அப்புறம் பிரிஞ்சுபோச்சு."

"இந்த இருபத்து நாலு டிகிரி?"

"பூமி பம்பரம் மாதிரி மெதுவாத் தலையாட்டுது. ஒரு ஆட்டம் முடிய இருபத்தாறாயிரம் வருஷம். அதனால நாங்க அளக்கிற புள்ளி கொஞ்சம் கொஞ்சமா நகர்ந்துக்கிட்டே இருக்கு. நீங்க நட்சத்திரத்திலிருந்து அளக்கறீங்க, நாங்க புள்ளியிலிருந்து அளக்கறோம். தெருவுல வீட்டு நம்பரை எந்த முனையிலிருந்து எண்ணறோம்ங்கிற மாதிரிதான். வீடு நகராது, நம்பர்தான் மாறும்."

"நம்பர் மாறினா கடிதாசி வேற வீட்டுக்குப் போயிடுமே டாக்டர்" என்றாள் அக்கா.

டாக்டர் கோப்பையைக் கீழே வைத்தார். "கடிதாசின்னு ஒண்ணு வருதான்னு பார்த்திருக்காங்கம்மா. நிறையப் பேரோட பிறந்த நேரத்தை வச்சு, வாழ்க்கையை வச்சு, ஒப்பிட்டுப் பார்த்திருக்காங்க. எதுவும் கிடைக்கல."

"கிடைக்கலைன்னா, இன்னும் தெரியலையா? இல்ல, இல்லவே இல்லையா?"

"இல்லைன்னுதான் நான் நினைக்கிறேன்."

எனக்கு அந்த நேரத்தில் மார்தட்டிக்கொள்ளத் தோன்றியிருக்க வேண்டும். எத்தனை வருஷமாக நான் சொல்லி வந்தது! தோன்றவில்லை. அக்கா நோட்டை மூடித் தன் பையில் வைக்கிற விதத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. போதாக்குறைக்கு டாக்டர் என்னைக் காட்டி, "உங்க தம்பி மட்டும் என்ன? கூரை மோட்டார் நின்னா 'சனியனே'ன்னுதான் திட்டறார். கெட்ட நேரம், கிரகசாரம்னு நாள் பூரா புலம்பறார்" என்று போட்டுக்கொடுத்தார். எனக்கு அசடு வழிந்தது. உண்மையைச் சொன்னால், அக்காவின் ஜாதகத்தைப் பார்த்து 'நிலைக்காது' என்று ஜோசியர் சொன்னதைக் கேள்விப்பட்ட அன்றைக்கு, நம்பாத எனக்கே ராத்திரி தூக்கம் வரவில்லை. நம்பாதவனுக்கு ஏன் தூக்கம் வரவில்லை என்று இன்று வரை விளங்கவில்லை.

பஸ்ஸில் அக்கா ஒரே ஒரு முறைதான் பேசினாள். "சார் தெரியாதுங்கிறார். டாக்டர் இல்லைங்கிறாங்க. ரெண்டு பேரும் நல்லவங்க. நான் எங்கேடா போய் நிக்கறது?" என்றாள். நான் டிக்கெட்டைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு தினமும், "போட்டியா?" என்று கேட்பேன். "போடணும்" என்பாள். அலுவலகத்தில் மற்ற அறுபத்திரண்டு பேருக்கும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் புதுத் தாள் கொடுத்துவிட்டாள். கண்ணாடிக்கடைக்காரருடையதை மட்டும் தொடவில்லை. அந்தச் சீட்டு அவள் புத்தகத்துக்குள்ளேயே கிடந்தது.

இந்த நிலையில்தான் கடை காலியாகப் போகிறது என்று கேள்விப்பட்டேன். அவருடைய அண்ணன் வேறு ஊரில் இருக்கிறார், இவரும் அங்கே போய்விடப் போகிறார், மாசக் கடைசியில் வண்டி வருகிறது. என்னால் பொறுக்க முடியவில்லை. "அக்கா, இன்னும் நாலு நாள்தான். போட்டுத்தான் பாரேன்" என்று கெஞ்சினேன். அவள் புடவையைச் சரிசெய்துகொண்டு செருப்பை மாட்டினாள். "நீயும் வா. நீதானே கெடுத்தே" என்றாள்.

கடையில் பாதி அலமாரி காலி. அட்டைப் பெட்டிகளில் மூக்குக்கண்ணாடிக் கூடுகள் அடுக்கியிருந்தன. கண் பரிசோதிக்கிற எழுத்துப் பலகை மட்டும் சுவரில் இருந்தது, மேலே பெரிய எழுத்து, கீழே போகப் போகச் சின்னது. அவர் ஒரு துணியால் லென்சுகளைத் துடைத்துக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

அக்கா சுற்றி வளைக்கவில்லை. "கம்ப்யூட்டர்ல ஒரு தப்பு நடந்துபோச்சு. உங்க கட்டம் தப்பா வந்துடுச்சு. அதை வச்சுத்தான் ஒத்துவரலன்னு சொல்லிட்டேன். இவன் பண்ணின தப்பு."

நான் திருதிருவென்று விழித்தேன்.

"இப்ப சரிபண்ணியாச்சா?" என்று கேட்டார்.

"கம்ப்யூட்டரைச் சரிபண்ணியாச்சு."

"என் கட்டம்?"

"போடல."

"ஏன்?"

அக்கா எழுத்துப் பலகையைப் பார்த்தாள். "மறுபடியும் வேண்டாம்னு வந்துட்டா என்ன பண்றது? பயமா இருந்துச்சு. அதான் போடல."

அப்பாவுக்கு மூச்சுத் திணறிய நாட்களில்கூட அக்கா பயம் என்ற வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை. கண்ணாடிக்கடைக்காரர் கையிலிருந்த லென்சைத் துடைத்தார், திரும்பவும் துடைத்தார். அப்புறம் நிமிராமலே சொன்னார்.

"போட்டாலும் சரியா வராதுங்க. நான் சொன்ன நேரம் பொய்."

"என்ன?"

"நான் எப்பப் பிறந்தேன்னு எனக்குத் தெரியாது. அம்மா சின்ன வயசுலயே போயிட்டாங்க. யாரும் எழுதி வைக்கல. நேரம் தெரியாதுன்னு வந்தவங்களைத் திருப்பி அனுப்பிடுவேன்னு நீங்கதான் சொல்லியிருக்கீங்க. என்னையும் அனுப்பிடுவீங்களோன்னு நினைச்சு, வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன்."

அக்காவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "பத்து மணி பத்து நிமிஷம்னு நிமிஷத்தோட சொன்னீங்களே!"

"நிமிஷத்தோட சொன்னாத்தான் நீங்க நம்புவீங்கன்னு தெரியும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா என் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள், சிரிப்பு அடங்கிவிட்டது. அவரை விடவில்லை. ஐந்து நிமிஷம் நிற்கவைத்துத் திட்டினாள். நேரத்தில் பொய் சொல்லலாமா, அதுவும் பிறந்த நேரத்தில், வேறு எதில் வேண்டுமானாலும் சொல்லுங்கள், இதில் சொல்லலாமா, இந்தப் பத்து நிமிஷம் எழுதின சீட்டை நான் எத்தனை தடவை எடுத்துப் பார்த்தேன் தெரியுமா என்று பொரிந்து தள்ளினாள். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். நான் ஒரு ஓரமாக நின்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். நேரம் பொய், அதைப் போட்ட அளவு தப்பு. தப்பும் பொய்யும் சேர்ந்து தற்செயலாகச் சரியாகியிருக்குமோ? அல்லது இரட்டிப்புத் தப்பா? ஜோசியர் பார்த்தது யாருடைய வாழ்க்கையை? மண்டை காய்ந்துவிட்டது, விட்டுவிட்டேன்.

அக்கா திட்டி ஓய்ந்தாள். கண் பரிசோதனைக்கு வருகிறவர்கள் உட்காருகிற ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். இந்த மனிதருக்கு இனி யாராலும் கட்டம் போட முடியாது. ஜோசியராலும் ஒன்றும் சொல்ல முடியாது, டாக்டரைக் கேட்டும் பிரயோஜனம் இல்லை. அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வருஷமாக வந்துபோகிற கடை, மூன்று வருஷமாகப் பார்க்கிற ஆள். தாள் இல்லாமல் பார்ப்பது இதுதான் முதல் தடவை என்று எனக்குப் பட்டது.

"உங்க சம்சாரம் எப்படி இறந்தாங்க?" என்று கேட்டாள்.

அவர் துணியைக் கீழே வைத்தார். "நீங்க கேட்கவே இல்லையேன்னு நினைச்சிருக்கேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

"எனக்குக் கேட்கத் தெரியல" என்றாள் அக்கா. கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

அவர் ஒரு அட்டைப் பெட்டியை நகர்த்திவிட்டு இன்னொரு ஸ்டூலை இழுத்து எதிரே போட்டார். "அவளும் இப்படித்தான். பயம் வந்தா திட்டுவா" என்று ஆரம்பித்தார். நான் மெதுவாக வெளியே வந்து வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். உள்ளே இரண்டு பேரும் மாறி மாறிப் பேசுகிற சத்தம் வந்தது. ஒரு முறை அக்கா அழுகிற மாதிரி இருந்தது, இன்னொரு முறை சிரிக்கிற மாதிரி இருந்தது. சரியாகத் தெரியவில்லை.

உடைந்த கண்ணாடியோடு ஒருவர் வந்தார். "கடையைக் காலி பண்றாங்களாமே, எப்ப?" என்று கேட்டார்.

"தெரியலைங்க, உள்ள இன்னும் பேசிக்கிட்டிருக்காங்க" என்றேன்.